எங்கள் வீட்டுக் குதிகால்

மார்ச் 22, ஞாயிறு

எண்ணெய் மண்டிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இதில் எண்ணெய் சேர்க்காத சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. சுபி என்னென்ன சாப்பிடுகிறாள் என்று தினமும் எழுதி வையுங்கள் என்று மதுரை டாக்டர் நஸ்ரின் சொல்லியிருக்கிறார். காலை: இட்லி, தண்ணீரில் குழைத்த மிளகாய்ப்பொடி. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மதியம்: சோறு, கீரை, மோர். இரவு: மறுபடியும் இட்லி.

கொரோனாவுக்காக மக்கள் ஊரடங்கு என்று ஊரே இன்று வீட்டுக்குள் இருக்கிறது. எனக்கும் வேலை இல்லை. ஆரம்பித்ததுதான் ஆரம்பித்தேன், முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

சுபிக்ஷா எங்கள் ஒரே மகள். எட்டு வயது. முழங்கையிலும் விரல் முட்டிகளிலும் மஞ்சளாகச் சின்னச் சின்னக் கட்டிகள் வந்தன. பாலுண்ணி என்று நினைத்துச் சுண்ணாம்பு தடவினோம், தலைமுடியால் கட்டினோம், கோயிலில் உப்பும் மிளகும் வாங்கிப் போட்டோம். போகவில்லை. இந்த மாதம் மதுரையில் ஒரு தோல் டாக்டர் பார்த்ததும் ரத்தம் எடுக்கச் சொன்னார். கொலஸ்ட்ரால் அறுநூற்று நாற்பது. லேப்காரர்களே மெஷின் கோளாறு என்று நினைத்து மறுபடி எடுத்தார்கள். அதே எண். அங்கிருந்துதான் குழந்தைகளுக்கு இதயம் பார்க்கும் டாக்டர் நஸ்ரினிடம் போனோம். இது பிறப்பிலேயே வருவது, இப்படியே விட்டால் இருபது வயதுக்குள் இதயக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்றார். இரண்டு மாத்திரை எழுதி, ஜூனில் வரச் சொன்னார்.

பிறப்பிலேயே என்று அவர் சொன்னது எங்கள் காதில் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் உண்டு. எங்களுக்குக் கடை இருக்கிறது. விருதுநகரில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் புரோட்டாக் கடை. கீழே கடை, மேலே வீடு. தெருவில் எல்லோரும் ஒரே குரலில், புரோட்டாவைத் தின்ன விட்டால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். மாமாவும் நானும் தலையைக் குனிந்துகொண்டோம்.

மாமா என்றால் என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து. என் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்டுவிட்டுக் கல்யாணம் ஆனதும் மாற்றவா முடியும்?

மார்ச் 25, புதன்

நாடு முழுக்க ஊரடங்கு. கடை அடைப்பு. புரோட்டா மாஸ்டரும் மற்ற வேலைக்காரர்களும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். எல்லோரும் கவலைப்படுகிறார்கள், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனி வீட்டில் புரோட்டா வாசனையே கிடையாது. ஜூனில் ரத்தம் எடுக்கும்போது அந்த எண்ணை இறக்கிக் காட்டுகிறேன், காட்டாவிட்டால் என் பெயர் பொற்கொடி இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

ஓட்ஸ். சுபி சொன்னது: “அம்மா, இத வச்சு போஸ்டர் ஒட்டலாம்.” மீதியை அவள் தட்டிலேயே மாமா சாப்பிட்டார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. வடை இல்லை, பாயசம் இல்லை. மாங்காய்ப் பச்சடி மட்டும். சுபி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பண்டிகையைவிடப் பெரிய கவலை மாத்திரை. இரண்டில் ஒன்று இந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, இது பெரியவர்களுக்கு எழுதியது, சீட்டு மாறிவிட்டதா என்று கேட்டார். எட்டு வயதுக் குழந்தைக்குத்தான் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். ‘புரோட்டாக்கடைப் பிள்ளை.’

மாமா மார்க்கெட்டுக்குப் போய், மதுரையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரி டிரைவரிடம் பேசி ஏற்பாடு செய்தார். முருங்கைக்காய்க் கட்டுக்குள் செருகி இரண்டு அட்டை மாத்திரை வந்து சேர்ந்தது. கடத்தல் சரக்கு வாங்குவது போல வாங்கி வந்தேன். கூடவே முருங்கைக்காயும் வாங்கினேன், டிரைவர் மனம் கோணக் கூடாது அல்லவா.

மே 5, செவ்வாய்

பார்சல் கொடுக்க முன்னாலேயே அனுமதி இருந்தது, மைதாதான் கிடைக்கவில்லை. இன்று ஒரு மூட்டை வந்தது. மாஸ்டர் இல்லாததால் மாவு பிசைவது, அடிப்பது, வீசுவது, பொரிப்பது எல்லாமே மாமாதான். நான் மேலே சால்னா கொதிக்க வைத்துக் கீழே அனுப்பினேன்.

சாயங்காலம் சால்னா வாளியை எடுக்க வந்தவர் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வாயு பிடித்துக்கொண்டது என்றார். இஞ்சிச் சாறு கொடுத்தேன். பல்லும் வலிக்கிறது என்று கிராம்பு கேட்டார். ஒரு மாதம் படுத்துத் தூங்கிய உடம்புக்கு வேலை என்றதும் வலிக்கத்தான் செய்யும் என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார்.

சுபி: கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு.

மே 21, வியாழன்

மதுரைக்குப் போக இ-பாஸ் கேட்டிருந்தேன். மறுத்துவிட்டார்கள். அவசர மருத்துவம், கல்யாணம், சாவு, இந்த மூன்றுக்குத்தான் தருவார்களாம். குழந்தை ஓடி விளையாடுகிறாள், இதில் என்ன அவசரம் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணத்துக்குக் காருக்குக் கார் பாஸ் வந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில், சுபிக்குக் கல்யாணம் என்று எழுதிப் போட்டுவிடலாமா என்றேன். மாமா, ‘ஜெயிலுக்குப் போனால் சால்னா யார் வைப்பது?’ என்று கேட்டார். இரண்டாவது தடவையும் விண்ணப்பம் போட்டுவிட்டேன். மறுக்க மறுக்கப் போடுவேன். அவர்களுக்குக் கை வலிக்கிறதா எனக்கு வலிக்கிறதா பார்ப்போம்.

ஜூன் 16, செவ்வாய்

பாஸ் வரவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டு, உள்ளூர் லேப்காரரை வீட்டுக்கே வரவழைத்து நேற்று ரத்தம் எடுத்தோம். சுபி கண்ணை மூடிக்கொண்டாள், அழவில்லை. முடிவு இன்று வந்தது.

ஐந்நூற்று எழுபது.

மூன்று மாதமாகப் புரோட்டா இல்லை, முட்டை மஞ்சள்கரு இல்லை, வடை இல்லை, ஐஸ்கிரீம் இல்லை. ஒரு பிள்ளையின் கோடைக்கால லீவு முழுக்க ஓட்ஸிலும் களியிலும் போயிற்று. அதற்கு ஐந்நூற்று எழுபது. டாக்டரிடம் கேட்டேன். குறைந்தது பெரும்பாலும் மாத்திரையால், சாப்பாட்டால் இவளுக்குக் கொஞ்சம்தான் குறையும், அதற்காகப் பத்தியத்தை விட்டுவிடக் கூடாது என்றார். இவள் ஈரலே கொழுப்பை எடுக்கத் தெரியாமல் பிறந்திருக்கிறது என்றார். மார்ச்சிலும் அதைத்தான் சொன்னார், இன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.

மொட்டை மாடிக்குப் போய் நன்றாக அழுதேன். பிறகு துணியை எடுத்து மடித்துக்கொண்டு இறங்கினேன். அழுது என்ன ஆகப்போகிறது? முழங்கை, முட்டி, குதிகால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு எடுக்க வேண்டும்.

ஜூன் 17, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சுபியைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துக் குதிகாலைப் போட்டோ எடுத்தேன். அவள் ஆடிக்கொண்டே இருந்ததால் மாமா பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் டாக்டர் வீடியோவில் கூப்பிட்டார். போனைச் சுபிதான் பிடித்திருந்தாள்.

“போட்டோல பாப்பா பக்கத்துல ஒரு கால் தெரியுதே. அது யாரோடது?” என்று கேட்டார்.

சுபியின் அப்பா கால் என்றேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குதிகால் நரம்பு அப்படித்தான் தடித்து, கயிறு மாதிரி இருக்கும் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், ஏனென்றால் அது பெருமையாகப் பேசப்பட்ட விஷயம். என் கல்யாணத்தில் அம்மி மிதிக்கும்போது சொந்தக்காரர்கள் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தின மாதிரி ஒரே குதிகால், இவள் இந்த வீட்டுப் பெண் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம் என்று சிரித்தார்கள். அம்மாவுக்கும் அதே குதிகால்தான். செருப்புப் பின்வார் கடிக்கும், நாங்கள் யாரும் பின்வார் செருப்பே வாங்குவதில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. “அது குடும்ப அடையாளம் இல்லம்மா. கொலஸ்ட்ரால் படிஞ்சு படிஞ்சு தடிச்சது. அப்பாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே வியாதிதான்” என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். இந்தக் குறை அப்பாவிடமிருந்து ஒரு பங்கு, அம்மாவிடமிருந்து ஒரு பங்கு என்று வரும். ஒரு பங்கு மட்டும் இருப்பவர்களுக்கு நாற்பது வயதை ஒட்டி இதயத்தைப் பிடிக்கும். சுபிக்கு இரண்டு பங்கும் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம். சொந்தத்துக்குள் கட்டும்போது இரண்டு பங்கும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர வாய்ப்பு அதிகம். வீட்டில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். என் தாத்தா, மாமாவின் அப்பா, நாற்பத்திரண்டு வயதில் புரோட்டாக் கல்லுக்குப் பக்கத்திலேயே சரிந்து விழுந்தவர். மாமாவுக்கு அப்போது ஏழு வயது. நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமா எழுந்து கீழே போய்விட்டார்.

என் குதிகாலையும் கேட்டார். நான் நாள் முழுக்க நின்றுகொண்டே சமைப்பவள், அதனால் தடித்திருக்கும் என்றேன். நீங்களும் ரத்தம் கொடுங்கள் என்றார். சரி என்றேன். முதலில் மாமா கொடுக்கட்டும்.

ஜூன் 19, வெள்ளி

மாமா மாட்டேன் என்கிறார். மைதா மூட்டையைத் தனியாகத் தூக்குபவனுக்கு என்ன வியாதி என்கிறார். தாத்தா செத்தது கண்ணேறு பட்டு, அன்று கடையில் அப்படி வியாபாரம் என்கிறார். நான் விடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்ததையும், கிராம்பு கேட்டதையும் ஞாபகப்படுத்தினேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை அப்படி உட்கார்ந்தார் என்று கேட்டேன். மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் மாவுக் கையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“அப்ப நான்தான் பெத்த பிள்ளைக்கு விஷம் வச்சேன்னு சொல்றியா?”

அவர் இப்படி ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை.

ஜூன் 23, செவ்வாய்

நாளை முதல் மதுரையில் முழு ஊரடங்காம். என் நான்காவது விண்ணப்பமும் போச்சு.

சுபி நேற்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டு திரிகிறாள். மாமா கூப்பிட்டால் தள்ளி நின்றே பதில் சொல்கிறாள். நாங்கள் சண்டை போட்டதில் கோபமாக இருக்கும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

ஜூன் 28, ஞாயிறு

அருப்புக்கோட்டையிலிருந்து அம்மா போன். எல்லாவற்றையும் சொன்னேன். “ரத்தத்துலயே வியாதின்னு வெளிய சொல்லிராதடி, நாளைக்கு நம்ம வீட்டுல பொண்ணு குடுப்பானா எடுப்பானா” என்றது. நீயும் ரத்தம் கொடு என்றேன். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று போனை வைத்துவிட்டது. நாளைக்கும் பேசுவேன். என் அம்மாவின் பிடிவாதம்தான் எனக்கும் வந்திருக்கிறது, அது நல்லதுக்கு உதவட்டும்.

சுபி தட்டைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைக்கிறாள். மிச்சம் வைப்பதே இல்லை. நல்ல பழக்கம்தான்.

ஜூலை 4, சனி

இன்று காரியத்தை முடித்தேன்.

மாமா முதல் புரோட்டாவைக் கல்லில் போடும்வரை தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்கமாட்டார். அது அவர் அப்பா காலத்துப் பழக்கம். ஆகவே வெறும் வயிறு என்பதற்குக் கெஞ்ச வேண்டியதில்லை. லேப்காரரை விடிந்ததும் கடைக்கே வரச் சொல்லியிருந்தேன். மாமா இறங்குவதற்கு முன்னால் கடை அடுப்பின் கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

“ரத்தம் குடுங்க மாமா, ரெகுலேட்டர் தாரேன்” என்றேன்.

முறைத்தார். மாவு புளிக்கிறது என்றார். புளிக்கட்டும் என்றேன். லேப்காரர் பாவம், எங்கள் இருவருக்கும் நடுவில் ஊசியோடு நின்றார். சுபி எத்தனை குத்து வாங்கியிருக்கிறாள், வாய் திறந்தாளா என்று கேட்டேன். அதன் பிறகுதான் கையை நீட்டினார். உங்களுக்கும் எடுக்கவா அக்கா என்று லேப்காரர் கேட்டார். காபி குடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் போன பிறகு போட்டுக் குடித்தேன்.

ரெகுலேட்டரைக் கொடுக்காமல் அப்படியே ஆட்டோவில் ஏற்றி நம் தெரு டாக்டரிடம் ஈசிஜியும் எடுக்க வைத்தேன். அந்தத் தாளை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். ஏற்கெனவே ஒரு தடவை மாரடைப்பு வந்து போயிருக்கிறது, இரண்டு மாதத்துக்குள் இருக்கலாம், உடனே மதுரைக்குப் போங்கள் என்றார்.

இஞ்சிச் சாறு கொடுத்தேன். கேலி செய்தேன். என்னத்தைச் சொல்ல.

மாமாவின் ரத்தம்: முந்நூற்று நாற்பது. ஈசிஜியைச் சேர்த்து அனுப்பியதும் பாஸ் வந்துவிட்டது. இத்தனை நாள் பிள்ளைக்குக் கிடைக்காத பாஸ். மூன்று பெயர் போட்டிருந்தேன்.

ஜூலை 6, திங்கள்

மதுரை. நேற்று தெருவெல்லாம் வெறிச்சோடிக் கிடக்க வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரி வாசலில், நோயாளியோடு ஒருவருக்குத்தான் அனுமதி, குழந்தையை உள்ளே விடமுடியாது என்றார்கள். “இவ துணைக்கு வரல, இவளும் நோயாளிதான்” என்று சுபியின் சீட்டை எடுத்து நீட்டினேன். டாக்டர் நஸ்ரினே இறங்கி வந்து கூட்டிப்போனார்.

கொரோனா சோதனை முடிந்து இன்று மாமாவுக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு குழாய் கிட்டத்தட்ட முழுக்க அடைத்திருந்ததாம். இன்னும் ஒரு மாதம் மாவு அடித்திருந்தால் அந்த இடத்திலேயே போயிருப்பார் என்றார் ஸ்டென்ட் வைத்த டாக்டர். தாத்தாவைப் போல என்று அவர் சொல்லவில்லை, நான் நினைத்துக்கொண்டேன்.

சுபிக்கு எக்கோ பார்த்தார்கள். வால்வில் கொஞ்சம் படிய ஆரம்பித்திருக்கிறது. மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அது போதாதாம், சென்னையில் ரத்தத்தை மெஷினில் விட்டுக் கொழுப்பை வடிகட்டித் திருப்பி ஏற்றும் வசதி இருக்கிறதாம், மாதத்துக்கு இரண்டு முறை. வழி திறந்ததும் போகிறோம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். திறக்காவிட்டாலும் போவோம்.

வார்டில் மாமா கையை நீட்டிக் கூப்பிட்டார். சுபி கதவை விட்டு நகரவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

வீடு திரும்பி மூன்று நாளாகிறது. மதுரையிலிருந்து வந்ததால் வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். மாமா கூடத்தில் கட்டிலில் இருக்கிறார். மதியம் மாத்திரையை எடுத்துத் தரச் சொல்லிச் சுபியைக் கூப்பிட்டார். அவள் அட்டையைத் தரையில் வைத்து அவர் பக்கம் தள்ளிவிட்டு, மாஸ்க்கோடு அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டாள். மாமாவின் முகம் செத்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. உங்க அப்பா உனக்கு என்னடி செய்தார், செத்துப் பிழைத்து வந்த மனுஷன் என்று கத்திவிட்டேன். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். மதுரையில் அத்தனை ஊசிக்கும் அழாத பிள்ளை, மாஸ்க் நனைய நனைய அழுதாள்.

“நான் கிட்ட வந்தா அப்பாவுக்கு மறுபடியும் கூடிரும்மா. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதின்னு டாக்டர் சொன்னாங்கல்ல. எனக்குத்தான முதல்ல வந்துச்சு. அப்பா என் தட்டுல சாப்பிட்டாங்க.”

நாலு மாதமாக, தொடாதே, ஒட்டும், தள்ளி நில், கையைக் கழுவு என்று டிவியும் நாங்களும் இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம். அவள் அதைக் கொரோனாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளவில்லை. தன் அப்பாவைத் தானே சாகக் கொடுக்கப் பார்த்ததாக நினைத்து, மூன்று வாரம் தட்டைத் தனியாகக் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அதை நல்ல பழக்கம் என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன்.

மாமா கட்டிலிலிருந்து எழுந்தார். எழக் கூடாது என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. மெதுவாக நடந்து போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“இல்ல தாயி. நீ எனக்குக் குடுக்கல. நான்தான் உனக்குக் குடுத்தேன். நீ பிறக்கும்போதே குடுத்துட்டேன். எனக்கு எங்க அப்பா குடுத்தாரு.”

எந்தச் சொல்லுக்குப் பயந்து இத்தனை நாள் ரத்தம் கொடுக்க மாட்டேன் என்றாரோ, அந்தச் சொல்லை அவரே நிதானமாகச் சொன்னார். சுபி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

நான் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பாதிதான் மாமா நீங்க குடுத்தது. மீதிப் பாதி நான்” என்றேன்.

மாமா என் காலைப் பார்த்தார். நான் சேலையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. சுபி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் நான் அப்பா மடியில் உட்காரலாமா என்று கேட்டாள். தையல் எதுவும் இல்லை, உட்காரலாம் என்றேன். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். மாமா அவள் முழங்கையில் இருந்த கட்டிகளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

லேப்காரருக்குப் போன் செய்துவிட்டேன். ஸ்டிக்கர் ஒட்டிய வீடு, உள்ளே வர பயமாக இருந்தால் நான் வாசலில் கையை நீட்டுகிறேன் என்றேன். நாளை காலை வருகிறார். காபி குடிக்கமாட்டேன்.